வால் பக்கத்துக் கோடுகள்

காலையில் காபித் தம்ளரைக் கீழே வைக்கக்கூட விடவில்லை, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் என் அக்கா மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பிவிட்டான். நாஜிக் காலத்து ஜெர்மன் போர் விமானி ஒருவனின் பெருமை. சாதாரண விமானியாகச் சேர்ந்தானாம், எதிரி விமானங்களைச் சுட்டுச் சுட்டே படைப்பிரிவுக்குத் தளபதியானானாம், கழுத்தில் சிலுவைப் பதக்கமாம். காது கிழிகிற இசை வேறு. ‘செம கெத்து மாமா’ என்று கீழே எழுதியிருந்தான். த்தூ!

அந்த விமானத்தின் வாலில் வரிசையாக வெள்ளைக் கோடுகள். பார்த்ததுமே என் மூக்கில் பெயின்ட் வாசனை ஏறியது.

பல வருஷங்களுக்கு முன்பு நான் பழவேற்காட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு வால் நீளமாக இழுத்துவிட்டால் கலைஞன் என்று நம்பிய வயது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலை நிறைய மீன் வந்த நாளில் படகின் பின்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு போடுவார்கள். அங்கே புதுப் படகு வாங்கிய ஏழுமலை அண்ணன், எங்கோ கிழித்த ஒரு படத்தோடு வந்தார். படத்தில் இருந்தவன் இந்த வீடியோக்காரனோ, இவனைப் போல இன்னொரு விமானியோ. விமான வாலில் இதே கோடுகள்.

“எம்மாம் கோடு பாருப்பா! கை ராசியான ஆளு. அப்டியே போட்டுடு, நமக்கும் மீன் வரும்.”

படத்தின் கீழே இருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். ஒரு கோடு என்றால் சுட்டு வீழ்த்திய ஒரு விமானம். வாயைத் திறந்தேனா? இல்லை. கோடுகள் நூல் பிடித்தாற்போல் வந்துகொண்டிருந்தன, அந்தக் கர்வம்.

படகை இறக்கும் நாளில் அண்ணன் மனைவி கஸ்தூரி அக்கா ஒவ்வொரு கோட்டுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“அக்கா, வெக்காத. அது மீன் இல்ல. அந்தாளு சுட்டுத் தள்ளுன ஏரோப்ளேன். உள்ள ஆளுங்க இருந்தாங்க.”

குங்கும விரல் அப்படியே நின்றது.

“எல்லாத்துலயுமா?”

தலையாட்டினேன்.

“தெரிஞ்சேதான் போட்டியா?”

அக்கா மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து கோடுகளைச் சுரண்ட ஆரம்பித்தார். அண்ணனும் மறுபக்கம் சுரண்டினார்.

அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தில் யாரும் படகில் கோடு போடவில்லை. இன்று கேட்டால், மீனே இல்லை, கோடு எதற்கு என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் முதலில் அந்த வழக்கத்தை நாறடித்தவன் நான்.

வீடியோ அனுப்பிய என் அக்கா மகனுக்குப் பதில் எழுதினேன்: “வால்ல கீற கோடு இன்னான்னு தெரிஞ்சேதான் அனுப்பினியா?”

உடனே பதில் வந்தது. “தெரியும் மாமா. அதான் கெத்தே.”