சாமி பேருக்கே

அம்மா இறந்தபின் ஒரு வருஷம் நாங்கள் கோயில் படி ஏறவில்லை. வருஷத் திதி முடிந்த மறுநாள், மனைவி என்னைத் தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். எண்பதுகளின் தொடக்கம், நல்ல சாரல்.

"மனசையும் சேத்துக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

எரிச்சலாக வந்தது. பேரருவி மண்டையில் அறைந்தது. உடம்புதான் நனைந்தது.

அருவியை ஒட்டிய கோயிலில், ஈர வேட்டியோடு சன்னதியில் நின்றேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். வாய் பழக்கத்தில் அம்மா பெயரையும் திருவோணத்தையும் சொல்லிவிட்டது.

"ஏங்க, அத்தை பேரயா சொல்லுதீங்க?" என்று மனைவி என் கையைப் பிடித்தாள்.

அர்ச்சகர் வில்வத்தைக் கையில் வைத்தபடி நின்றார். "போனவா பேருக்கு அர்ச்சனை பண்றதில்லையே. உங்க பேருக்குப் பண்ணட்டுமா?"

எனக்கென்று என்ன கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"சாமி பேருக்கே பண்ணிருங்க."

வழக்கமாக அந்த இடத்தில் என் வேண்டுதல்கள் முண்டியடிக்கும். அதில் பாதி, அடுத்தவன்மேல் புகார். அன்று கூப்பிய கைக்குள் எதுவும் இல்லை. தலையிலிருந்து அருவித் தண்ணீர் மட்டும் கல்தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.