பிரதம விருந்தினரின் சோடா

என் மகள் ஜெனிற்றாவுக்கு ஏழு வயதில் சீனி வருத்தம் வந்தது. வயதானவர்களுக்கு வருகிற வகை அல்ல. ஊசி போடாவிட்டால் உயிர் தங்காத வகை. முல்லைத்தீவுக் கரையில், களப்பில் இறால் பிடித்துச் சீவிக்கிற வீடு எங்களுடையது. அந்த வருத்தத்தின் பெயரைக் கேட்டபோது என் கணவர் வலையை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை ஒரே முடிச்சைப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சின்னப் பெட்டைக்குச் சீனியோ? கண்டபடி இனிப்புக் குடுத்து வளர்த்திருப்பாள்."

"நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சீனிப்போத்தல்.

கலியாணத்துக்கு முன் நான் ஒரு பத்திரிகைக்கு வன்னியிலிருந்து செய்தி எழுதினேன். கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று அங்கே பழக்கினார்கள். இந்தச் சாட்சியையும் அந்தப் பழக்கத்தோடுதான் எழுதுகிறேன். செபத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் அந்த விதி எனக்கு உதவவில்லை.

எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. ஊசி மருந்தை ஈரமணலில் புதைத்த மண்முட்டிக்குள் வைத்தோம். மருந்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. இரத்தத்தில் சீனி பார்க்கிற பட்டிகளைக் கடையில்தான் வாங்க வேண்டும். பட்டி இல்லாத நாட்களில் அவளுடைய முகத்தைப் பார்த்தே கணிக்கப் பழகினேன். சீனி இறங்கினால் முதலில் மேலுதட்டில் வேர்வை பூக்கும். பிறகு கண் ஓரிடத்தில் நிற்கும். அதற்குப் பிறகு நேரமில்லை.

அந்தக் காலத்தில் வறிய பிள்ளைகளின் படிப்பையும் வைத்தியத்தையும் பொறுப்பெடுக்கிற ஒரு நிறுவனம் எங்கள் பக்கம் வந்தது. வெளிநாட்டில் வாழும் நம்மவர்களின் உதவியில் நடந்தது அது. ஜெனியையும் சேர்த்தார்கள். பட்டிகள் வந்தன. கிளினிக்குக்குப் போய்வர வாகனம் வந்தது. அந்த நன்மையை நான் மறைக்கவில்லை. தந்தவர்களுக்காக இன்றும் செபமாலை சொல்கிறேன். ஆனால் தந்ததை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

தவக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்த ஒரு சனிக்கிழமை. புதிய புத்தகப்பைகள் கொடுக்கும் விழா. மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்ததால் காலை ஊசியைப் போட்டு, புட்டுக் கொடுத்து, கூட்டிக்கொண்டு போனேன். தகரப்பந்தலின் கீழ் பிள்ளைகள் நிலத்தில் விரித்த தறப்பாளில் இருந்தார்கள். மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள். நடுக் கதிரைக்கு முன்னால் மேசையில், றேந்தைத் துணி விரித்த தட்டில், பிரதம விருந்தினருக்கு ஒரு போத்தல் சிவப்புச் சோடா. பெற்றோரைக் கயிற்றுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார்கள்.

விழா தொடங்குவதற்கு முன் பிள்ளைகளின் பழைய பைகளைச் சேர்த்து ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள். படத்தில் பழசு தெரியக் கூடாதாம். ஜெனியின் பையில்தான் குளுக்கோஸ் ரின்னும் பிஸ்கற்றும் இருந்தன.

இணைப்பாளர் சுதனிடம் போனேன். எங்கள் ஊர்ப் பிள்ளைதான், நல்லாகப் படித்தவர்.

"தம்பி, அவளின்ர பையை மட்டும் விடுங்கோ. அதுக்குள்ள அவளுக்கு வேண்டிய சாமான் இருக்கு."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பினம் அக்கா. சேர் வந்த உடன சாப்பாடு தானே. பொறுங்கோ."

அறைத் திறப்பை வைத்திருந்த தொண்டர் விருந்தினரை எதிர்கொள்ள மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டுக்குச் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். படம் எப்படி வரும் என்று பார்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மேடையில் அடுக்கினார்கள். விருந்தினரின் கையால்தான் போக வேண்டுமாம். ஒரு சின்னப் பையன் பார்சலை விடாமல் பிடித்தான். விரலைப் பிரித்து எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒலிவாங்கியில் சுதன் சொன்னார். "எங்கள் பிரதம விருந்தினர் கனகராயன்குளத்தைத் தாண்டிவிட்டார். கைதட்டுங்கள் பிள்ளைகளே."

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

என் பக்கத்தில் முத்துலட்சுமி நின்றாள். மலையகத்திலிருந்து வந்து குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். திருநீறு பூசாமல் வெளியே வராதவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பந்தலுக்குள் இருந்தார்கள்.

"கோயில் தேர் கூட இவ்வளவு நேரம் இழுபடாதடி," என்றாள். "இந்த மனிசன் என்ன, நடந்தோ வாறார்?"

"மாங்குளத்துக்கு வந்துவிட்டார். கைதட்டுங்கள்."

மறுபடி கைதட்டினார்கள். அந்த ஓசைக்குள் சுதன் கயிற்றருகே வந்து தொலைபேசியில் கதைத்தது எனக்குக் கேட்டது.

"ஓம் சேர். ஆறுதலாச் சாப்பிட்டிட்டு வாங்கோ. இங்க ஒரு அவசரமும் இல்லை."

அடுத்த முறை கைதட்டச் சொன்னபோது ஜெனியின் கைகள் எழவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய மேலுதடு மினுங்குவது தெரிந்தது.

"தம்பி, ஒரு பார்சல் தாங்கோ. பிள்ளைக்குச் சீனி இறங்குது."

"ஏன் அக்கா, உங்கட பிள்ளைக்கு மட்டுமோ பசி? இன்னும் கொஞ்ச நேரம். இப்ப குழப்பினா உங்களுக்குத்தான் நட்டம்."

அந்த வார்த்தை என்னைக் கட்டிப்போட்டது. பட்டிகள் நின்றுவிடும். வாகனம் நின்றுவிடும். ஒரு பக்கம் இன்றைய பிள்ளை, மறுபக்கம் நாளைய பிள்ளை. நான் கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடினேன்.

"மாதாவே, அந்த மனிசனைக் கெதியாக் கொண்டு வாங்கோ."

இதுதான் நான் செய்த செபம். அழகுபடுத்தி எழுதவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் உயிர். மாதாவின் கையைக்கூட நான் விழா ஒழுங்குக்குள்தான் வைத்திருந்தேன்.

அவர் வரவில்லை.

முத்துலட்சுமி என் தோளை உலுக்கினாள். "கண்ணை மூடிக்கொண்டு நிக்காத. பிள்ளை சரியிறாள்!" ஒரு கையால் கயிற்றை உயர்த்தினாள். மற்றக் கையால் என்னை உள்ளே தள்ளினாள்.

ஜெனி பக்கத்துப் பிள்ளையின் மடியில் சாய்ந்திருந்தாள். கண் ஓரிடத்தில் நின்றது. இந்த நிலையில் சோறு இறங்காது. சீனி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். தலையை நிமிர்த்தினேன். எனக்கு நேரே மேசையில் அந்தச் சிவப்புப் போத்தல். வெயில் அதற்குள் நின்றது. போத்தலின் குளிர் வேர்வை இன்னும் காயவில்லை. அப்போதுதான் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மேடையில் ஏறினேன். மூடியைத் திருகினேன்.

"அக்கா! அது சேருக்கு!" சுதன் என் கையைப் பிடித்தார். முத்துலட்சுமி எப்போது மேடைக்கு வந்தாள் என்று தெரியாது.

"விடடா. உன்ர சேர் மாங்குளத்தில தின்னுறார். இது இங்க சாகுது."

அவர் கையை விட்டார். நான் இறங்கி ஓடி ஜெனியின் தலையை மடியில் எடுத்தேன். அவளால் இன்னும் விழுங்க முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் ஊற்றினேன். பாதி வாய்க்குள் போனது, பாதி வெள்ளைச் சட்டையில் வழிந்தது. விரலில் தொட்டுப் பல் முரசில் தேய்த்தேன். ஒலிவாங்கி திறந்தே இருந்தது. நான் மாதாவைக் கூப்பிட்ட சத்தம் ஊரெல்லாம் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

அவள் கண்ணைச் சிமிட்டினாள். என்னைப் பார்த்தாள். "கை தட்டோணுமா அம்மா?" என்று கேட்டாள்.

விருந்தினர் அதற்குப் பிறகும் நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். அதற்கிடையில் வேறொரு சோடா வாங்க ஆளை அனுப்பியிருந்தார்கள். ஜெனியை முன்வரிசையில் இருத்தி, கறை தெரியாமல் நெஞ்சோடு புதிய பையைப் பிடிக்கச் சொன்னார்கள்.

"பிள்ளைக்கு என்ன, களைச்சுப் போனாவோ?"

"வெயில் சேர். சின்ன மயக்கம்."

அவர் அவளுடைய தலையைத் தடவினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பிறகு, மாணவர்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்று பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் ஜெனியின் பெயர் எடுக்கப்பட்டது. "இப்படியான வருத்தக்காரப் பிள்ளையளுக்கு எங்களால பொறுப்பெடுக்க ஏலாது அக்கா. ஆரோக்கியமான பிள்ளையளுக்குத்தான் இனி முன்னுரிமை," என்று சுதன் சொன்னார். முத்துலட்சுமியின் பிள்ளைகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் சொல்லவில்லை.

அன்றிரவு நான் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். கேட்டதைத் தரவில்லை, இருந்ததையும் எடுத்தீர் என்றேன். பதில் அன்று வரவில்லை. சில நாட்கள் கழித்துக் கோயிலில் முழந்தாளில் இருந்தபோது, அந்த மேசை திரும்பவும் கண்ணில் தெரிந்தது. நான் கேட்டபடி அந்த மனிதர் உடனே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் மாலை. பிறகு விளக்கு. பிறகு வரவேற்புரை. அந்தச் சோடாவை அவர் குடித்திருப்பார். நானும் கயிற்றுக்கு வெளியே, செபம் கேட்கப்பட்டது என்ற நிம்மதியில், நன்றி சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். என் மகள் தறப்பாளில் செத்திருப்பாள்.

நான் கேட்டதை அவர் தரவில்லை. அதனால்தான் எனக்கு என் பிள்ளை இருக்கிறாள். ஒரு சைவக்காரியின் கையால் கயிற்றை உயர்த்தி அவர் பதில் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் மறைக்கல்விக் கொட்டிலில் நானும் முத்துலட்சுமியும் வேறு சில தாய்மாரும் பிள்ளைகளுக்குச் சமைக்கிறோம். என் கணவர் இறாலோ மீனோ கொண்டுவருவார். வேதக்காரப் பிள்ளைகளும் வருவார்கள், சைவப் பிள்ளைகளும் வருவார்கள். பிறகு பாடம். மாதத்தில் ஒரு நாள் கிளினிக்கில் தாதியாக இருக்கிற மிஸ்ஸி வந்து பார்ப்பார். ஜெனிக்குப் பட்டிகள் கிடைக்க வழி செய்ததும் அவர்தான். எங்களுக்கு ஒரே ஒழுங்குதான். பிள்ளை வந்து இருந்தால் சோறு. யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பழைய பை பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கும். உதவி அனுப்பிய ஒருவர் படம் கேட்டார். சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்த தட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினோம். அவர் இன்னும் அனுப்புகிறார்.

ஜெனி வளர்ந்துவிட்டாள். ஊசியைத் தானே போடுகிறாள். போன வருடம் சந்தியில் அந்த நிறுவனத்தின் பெரிய பதாகை தொங்கியது. அதில் அவளுடைய முகம். பையை இறுக்கிப் பிடித்தபடி சிரிக்கிறாள். பைக்கு வெளியே தெரிந்த சிவப்புக் கறையைக் கணினியில் அழித்திருந்தார்கள். சட்டை பால் வெள்ளையாக இருந்தது.

சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, என்ர சோடாவை எங்க?"

அந்தச் சட்டை எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நான் அதைத் தோய்க்கவில்லை.

இதை வாசிக்கிற சகோதரங்களே, செபியுங்கள். அவர் கேட்கிறார் என்பதற்கு என் வீட்டில் உயிரோடு ஒரு பிள்ளை இருக்கிறாள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செபியுங்கள். நீங்கள் கேட்டது வராமல் போகலாம். அது வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மேசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.