எந்தப் பள்ளியில் படித்தாய்

மகளுக்குத் திருப்பதியில் ஒரு நல்ல பள்ளியில் இடம் கிடைத்தது. கணவருக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை. பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அந்தத் தெருக்களில் எங்கள் ஆட்களுக்கு வீடு தரமாட்டார்கள் என்று தெரிந்தேதான் அலைந்தோம்.

கடைசியில் ஒரு மாடி போர்ஷன் அமைந்தது. வீட்டுக்கார அம்மா புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் பேசியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பக்கத்துப் பேச்சாக் கீதே. எந்த ஊரு?"

"சத்தியவேடு பக்கம்மா."

"எந்த ஸ்கூல்ல படிச்சே?"

சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பள்ளியைத்தான் கேட்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஐஸ்கூலில் படித்தார்கள். காலனிப் பிள்ளைகளான எங்களுக்கு சர்க்கார் வெல்ஃபேர் ஆஸ்டலும் அதிலேயே பள்ளியும். அங்கே கணக்குப் பாடத்துக்கு வெகுநாள் டீச்சரே கிடையாது. ஆஸ்டலில் படித்தேன் என்றால் எந்தத் தெரு என்று சொன்ன மாதிரிதான்.

"தண்ணி எத்தினி மணிக்கும்மா வரும்?" என்று கணவர் குறுக்கே புகுந்தார். பேச்சு தண்ணீருக்குப் போய்விட்டது.

குடிபோன பிறகும் பயம் விடவில்லை. கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்துவேன். ஊரிலிருந்து போன் வந்தால் குரலை இறக்கிக்கொள்வேன். வீட்டுக்கார அம்மா மகளைக் கூப்பிட்டுத் தோசை தருவார். அவள் துன்னுகினு என்னென்ன சொல்கிறாளோ என்று மாடிப்படியில் நின்று காதைக் கொடுத்தபடி இருப்பேன்.

ஒருநாள் அந்த அம்மாவும் நானும் தள்ளுவண்டியில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். போலீஸ் உடுப்பில் ஒரு பெண் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்டலில் என் பக்கத்தில் படுத்தவள்.

"ஆஸ்டல்ல பார்த்தது. எப்டிடீ கீறே?"

எனக்குச் சந்தோஷமும் நடுக்கமும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்கார அம்மா நிமிரவில்லை. கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் மகளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இறங்கிப்போன குழந்தை, சாத்திய கதவைப் பார்த்துவிட்டு மேலே வந்தது. அந்த வாரமே அவர் என் கணவரிடம் பேசினார்.

"பலமனேர்லேர்ந்து என் தம்பி குடும்பம் வருது. வேற வீடு பாத்துக்குங்க."

"நான் படிச்ச ஸ்கூலாலயாம்மா?" என்று கணவருக்குப் பின்னால் நின்ற நான் கேட்டேன்.

"அப்டில்லாம் இல்ல. அக்கம்பக்கத்துல கேக்கறாங்க."

ரேணிகுண்டா தாண்டி, யாரும் எதுவும் கேட்காத ஒரு தெருவில் வீடு கிடைத்தது. தெரு முழுக்க எங்கள் ஆட்கள். அங்கிருந்த பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர்.

"இங்கியே சேத்துடலாமா? சின்னப் புள்ள, அவ்ளோ தூரம் பஸ்ல போவணும்" என்றார் கணவர்.

"வேணாம். இங்க படிச்சா நாளைக்கு அவளுக்கும் இந்தத் தெருதான்."

பள்ளி பஸ் அவளை மெயின் ரோட்டில்தான் இறக்கிவிடுகிறது. லாரிகள் நிற்காமல் போகும் ரோடு. சாயங்காலம் நான் முன்னாடியே போய் நின்றுவிடுகிறேன். பஸ் தாமதமானால் ரோட்டோரம் முன்னும் பின்னும் நடக்கிறேன். நேற்று இருட்டுகிற நேரத்தில்தான் வந்தது. இறங்கியவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "பசிக்குதும்மா" என்றாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.