பாறு பார்க்கப் போன கண்ணாடிக் கடைக்காரர்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. எதிரில் வருகிறவர் யார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். மூக்கின்மேல் இருக்கும் கண்ணாடி சுத்தமா என்பதுதான் முதலில். ஒருமுறை பேங்க் மேனேஜரின் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுத்தார். என் மானம் போயிற்று.

இவருடைய அண்ணன் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஒரே மலையடிவாரத்தில் ஓட்டினார். உச்சிப் பாறைகளில் பாறு உண்டு. ஆள் உயரத்தைவிட நீளமாகச் சிறகு விரிக்கும் பிணந்தின்னிக் கழுகு. இப்போது ஏழெட்டுதான் மிச்சம். பயணிகள் ஜன்னலில் முட்டிமோதிக்கொண்டு "அதோ, அதோ!" என்று கத்துவார்கள். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்ததே இல்லை.

போன வருஷம் அவர் கண்ணைச் சோதித்தவர் இவர்தான். நடுப்பார்வை அழிந்துகொண்டிருந்தது. டாக்டரும் கையை விரித்துவிட்டார். வேலை போயிற்று.

"இருக்கிற கொஞ்சமும் போறதுக்குள்ள ஒரு தடவ பாத்துடணும்டா" என்றார் அண்ணன்.

மூவரும் விடியற்காலையில் ஏறத் தொடங்கினோம். நாலு மணி நேரம். என் முழங்கால் கழன்று கையில் வராத குறை. அண்ணனோ கைத்தடியால் தட்டித் தட்டி எங்களுக்கு முன்னால் போனார். உச்சிக்குக் கீழே ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்ததும் பைனாகுலரை எடுத்து எதிர்ப்பாறையைத் துழாவினார்.

"ஏதோ மங்கலா அசையுதுடா."

"குடு, லென்ஸ்ல கைரேகை" என்று இவர் பிடுங்கினார். அதற்கென்றே பையில் வைத்திருக்கும் மஞ்சள் துணியால் ஊதி ஊதித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பாறையிலிருந்து ஒன்று எழுந்தது. நான் அலறினேன். இவர் துடைத்து முடிப்பதற்குள் அது மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"போச்சா?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். எனக்கு இவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாம் போலிருந்தது. இவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு மணி நேரம் காத்திருந்து, கால் மரத்து எழுந்து நின்றோம். பிறகு எங்கள் காலுக்குக் கீழே, பள்ளத்திலிருந்தே, இன்னொன்று மேலே வந்தது. எட்டித் தொட்டுவிடலாம் போன்ற தூரம். இவர் பைனாகுலரைத் தொடவில்லை.

"அண்ணே, அதப் பாக்காதே! என் மூஞ்சிய நேராப் பாரு. அசையாதே!"

நடு போனாலும் ஓரப்பார்வை மிச்சமிருக்கும் என்பது இவர் தொழிலில் தெரிந்த விஷயம். அண்ணன் இவர் பக்கம் திரும்பி அப்படியே நின்றார். பாறு அவர் தோளுக்குப் பக்கவாட்டில் உயர்ந்தது. இறகுகளில் காற்று சீறுவது கேட்டது. மொட்டைக் கழுத்தைத் திருப்பி எங்களை ஒரு பார்வை பார்த்தது. இவ்வளவு பெரிய உயிர் சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வானத்தில் ஏறுகிறதே! நான் கும்பிட்டுவிட்டேன். அதன் நிழல் எங்கள்மேல் ஊர்ந்து போனது.

"பாத்தேன்டா" என்றார் அண்ணன். "சிறகு நுனி விரல் விரலா விரிஞ்சிருந்துச்சு."

"நிஜமாவா அண்ணே?"

"சத்தியமா. முழுசாப் பாத்தேன். உன் மூஞ்சிதான் தெரியல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இத்தனை பக்கத்தில் நின்றும் தெரியாத அளவுக்குக் கண் நோய் முற்றிவிட்டது என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.