கசெட்டில் இல்லாத பூரணி

‘ஏழாம் நம்பர்’ குழுவின் முதல் கசெட் அட்டையில் கீபோர்டோடு ஒரு பெண் நிற்கிறாளே, அவளுக்கு அதை வாசிக்கவே தெரியாதாம். படத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்தால் விலை போகும் என்று பிடித்து நிறுத்தினார்களாம். ஹட்டன் பஸாரில் கருவாட்டுக் கடை முதல் நகைக்கடை வரைக்கும் இதுதான் பேச்சு. சொல்கிறவர்கள் எல்லோரும் சங்கீதம் தெரிந்தவர்கள். அதாவது, வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள்.

சரி, பார்த்துவிடலாம். கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறினால், தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வரும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே ஒன்றின் மூக்கைத் துடைத்து, இன்னொன்றின் ஈரத்துணியை மாற்றி, மூன்றாவதை அதட்டிக்கொண்டிருப்பவள்தான் அட்டைப்படத்துப் பூரணி. கீபோர்ட் அலுமாரிக்கு மேல், பழைய சேலைத் துண்டுக்குள் இருக்கிறது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன சித்தி அம்மாக்கண்ணு, தங்கச் சங்கிலிக்குப் பதிலாக அதை வாங்கி வந்தாள். லயத்து வரிசை வீடுகளெல்லாம் சிரித்தன. சங்கிலியாக இருந்திருந்தால் அடகுக் கடைக்குப் போயிருக்கும் என்பது பூரணியின் கட்சி.

‘ஏழாம் நம்பர்’ என்பது ஒரு தேயிலை மலையின் பெயர். குழுவைத் தொடங்கியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கணிதம் படிப்பித்த சிவரூபன் சேர். கிட்டார் அவர். டிரம்ஸ், தீபாவளிக்குத் தப்பு அடித்துக்கொண்டிருந்த லக்ஸ்மன். அவர்களுடைய இசைக்கு ‘புரோகிரஸிவ் ரொக்’ என்று பெயர் என்றார் சேர். பாட்டு முடிந்தது என்று நாம் எழும்பும்போது உள்ளேயிருந்து இன்னொரு பாட்டு கிளம்பும். முதலில் வந்த மெட்டு உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வரும். காதைக் குத்தாது, மெட்டு மெட்டாகத்தான் போகும். ஆனால் பொறுமை வேண்டும்.

இரண்டாயிரத்து இரண்டில், சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த நேரம், வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். கசெட்டின் பெயர் ‘மழைக்காலப் பெரட்டு’. காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் சொல்லி வேலை பிரிக்கிறார்களே, அதுதான் பெரட்டு. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. அதன் நடுவில் யாரும் பாடாத ஒரு நீண்ட இடம், கீபோர்ட் மட்டும். கசெட் முழுவதிலும் கீபோர்ட் வருவது அங்கே ஒன்றில்தான். அது பூரணி கட்டியது. குழந்தைகள் தூங்குகிற மாதிரி மெதுவாகத் தொடங்கும். பிறகு, பால் கொடுக்கும் நேரத்துக்குத் தாய்மார் கூடையை இறக்கிவிட்டு மழையில் ஓடி வருகிற ஓட்டம், ஏழு தட்டுக் கணக்கில். கடைசியில் மூச்சு வாங்கி நிற்கும்.

இதை அவள் அந்தத் தாய்மாரிடமே சொல்லி வைத்தாள். “அக்கா, ஒங்க ஓட்டத்த கசெட்டுல ஏத்திட்டேன்.”

“ஓடி ஓடி கால்ல அட்டை கடிச்சதுதான் மிச்சம்” என்றாள் அவர்களில் ஒருத்தி, காளியாயி. ஆனாலும் காத்திருந்தாள்.

வெளியீட்டு விழா நடந்தது. நம்முடைய வெளியீட்டு விழாக்களைத் தெரியும்தானே? குத்துவிளக்கு, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு வாழ்த்துரை. ஒரு வர்த்தகப் பிரமுகர் முதல் பிரதியை இரண்டு கையாலும் வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்து, காரில் போட்டுக்கொண்டு போவார். பொன்னாடை மட்டும் ஒரு மூட்டை சேரும். பேசியவர்களுக்கே நேரம் போதாத இடத்தில் கசெட்டையும் போட்டுக் காட்ட முடியுமா? ‘மழைக்காலப் பெரட்டு’ம் ஒரு சுரம்கூடக் கேட்கப்படாமல் சிறப்பாக வெளியிடப்பட்டது.

பூரணி அதை முதன்முதலில் கேட்டது ஹட்டன் பஸ்ஸில். சம்பளத்துக்கு அடுத்த நாள். பஸ் நிறையத் தோட்டத்துப் பெண்கள். டிரைவர் இரண்டாம் பக்கத்தைப் போட்டார். சேருடைய குரல் பாடி ஓய்ந்தது. “இப்ப, இப்ப!” என்று பூரணி காளியாயியின் கையைப் பிடித்தாள். கீபோர்டில் ஒரே ஒரு சுரம் எழுந்தது. ‘டக்’ என்றொரு சத்தம். அடுத்த நொடி, சேர் பழையபடி பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. மிச்ச நாடாவில் ஒரு சினிமாக் குத்துப்பாட்டு. பின் சீட்டில் விசில்.

“எங்கடி எங்க ஓட்டம்?” என்றாள் காளியாயி.

“வழுக்கி விழுந்திருச்சு போல” என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸே சிரித்தது.

“படத்துல மட்டும் நல்லா சிரிச்சுக்கிட்டு நிக்கிறா” என்று காளியாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊர் சொல்வதை உதறலாம். தினமும் தன் பிள்ளையைக் கையில் தந்துவிட்டுப் போகிறவளே பூரணியைப் பொய்க்காரி என்று நினைத்தால் என்ன செய்வது?

ஹட்டனில் இறங்கியதும் பூரணி நேரே போன இடம் சின்னராசாவின் ரெக்கோடிங் பார், பாட்டுப் பதிந்து விற்கும் கடை. குழுவின் கசெட்டுகளைப் பிரதி எடுத்தது அவர்தான். கடையில் சிவரூபன் சேரும் இருந்தார், பத்திரிகை விமர்சனம் ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டு.

“அண்ணே, நான் வாசிச்ச எடம் எங்க?”

“எந்த எடம் தங்கச்சி?”

“பாட்டுக்கு நடுவுல. கீபோர்ட் வருமே!”

சின்னராசா ஒளித்துப் பேசுகிற ஆள் இல்லை. “ஓ, அந்தச் சும்மா கெடந்த எடமா? வெட்டிட்டேன். யாருமே பாடலையே! கலியாண வீட்டுக்காரன் கசெட்ட வாங்கிட்டுப் போயி, நடுவுல பாட்டு இல்லாம சும்மா ஓடுதுன்னு திருப்பிக் கொண்டாந்து மூஞ்சியில வீசுவான். பாட்டில்லாத எடத்த வெட்டி, மிச்ச நாடாவ நல்ல பாட்டா ரொப்பித் தர்றதுதான் நம்ம கடையோட பேரு. அதுக்குன்னு நான் ஒரு சதம் கூட வாங்கல!”

இருபது வருஷமாக அவர் செய்து வந்த தர்மம் அது. அவர் மேல் கோபப்படக்கூடப் பூரணிக்கு நேரமில்லை. சேரைப் பார்த்தாள். “கேட்டீங்களா சேர்? எல்லாத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லுங்க.”

சேர் பேப்பரை மடித்தார். “எனக்குப் போன கிழமையே தெரியும், பிள்ளை.”

“தெரியுமா?”

“நீர் கோவப்படாதையும். ‘கச்சிதமான படைப்பு’ எண்டு எழுதியிருக்கிறான். சனத்துக்குப் பிடிச்சிருக்கு. இப்ப போய் இது பிழையான பிரதி எண்டு சொன்னால் எங்களுக்குத்தானே அவமானம்?”

“அடுத்த வரிய வாசிங்க சேர்.”

சேர் இன்னொரு மடிப்பு மடித்தார். பூரணி பறித்து வாசித்தாள். ‘அட்டையில் கீபோர்டுடன் ஒரு யுவதி காணப்படுகிறார். கசெட்டில் அக்கருவியைத் தேடினோம், கிடைக்கவில்லை.’ பஸார் வதந்திக்கு விதை போட்டது இந்த மேதாவிதான். தேடினாராம்! அட்டையில் இருந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

“எங்களுக்கு அவமானம்னு சொன்னீங்களே, அந்த எங்களுக்குள்ள நான் இல்லையா சேர்? காலைல பச்சப் புள்ளைய எங்கிட்ட தர்றவ என்னைப் பொய்க்காரின்னு பாக்குறா. ஒங்களுக்கு அது கச்சிதமா?”

சேர் கணிதம் படிப்பிப்பவர். விடை தெரியாத கேள்விக்குக் கரும்பலகையைத் தேடுவார். அங்கே கரும்பலகை இல்லை. சின்னராசாதான் மேசை லாச்சியைத் திறந்து ஸ்டூடியோ கொடுத்த மூல சீடியை எடுத்தார். “சண்ட போடாதீங்க. நான் இத முழுசா கேட்டதே இல்ல. இருங்க.”

போட்டார். கடைக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஓட்டம் வரும்போது சின்னராசாவின் கை பழக்கதோஷத்தில் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பூரணி அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

முடிந்ததும் அவர் கையைத் தடவிக்கொண்டே, “இத வெட்டுனது தப்புத்தான்” என்றார். முழுப் பாட்டையும் ஒரு கசெட்டில் ஏற்றி அவளிடம் கொடுத்தார். மற்றவற்றை யார் கொண்டுவந்தாலும் சும்மா மாற்றித் தருவதாகப் பலகையும் எழுதி வைத்தார். வந்தவர்கள் சிலர்தான். அவர்களிலும் பாதிப் பேர், குத்துப்பாட்டை மட்டும் அழிக்காதே என்று கெஞ்சினார்கள்.

மறுநாள் பால் நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் கசெட் ஓடியது. தலையில் மழைக்குப் போட்ட படங்கோடு, பிள்ளையை மடியில் போட்டபடி காளியாயி கேட்டாள். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும் இடம் வந்தது.

“நாந்தான் இது” என்றாள். “மூட்டு வலி தெரியுதே.” பிறகு, “அன்னிக்கு பஸ்ஸுல சும்மா சொன்னேன்டி.”

ஆக, வதந்தி பொய். ஆனால் அது பஸாரில் இன்னும் சௌக்கியமாக இருக்கிறது. அதைக் கொல்ல ஆள் இல்லாமல் இல்லை. அன்று கடையை விட்டு இறங்கும்போது சிவரூபன் சேர், “அடுத்த மேடையில நானே சொல்லுறன், பிள்ளை. நடுப்பகுதி பூரணி கட்டினது எண்டு ஒரு வசனம். இது என்ர கடன்” என்றார். சின்னராசாதான் சாட்சி. அதற்குப் பிறகு சேர் மூன்று மேடை ஏறினார், வானொலிப் பேட்டி ஒன்று கொடுத்தார், இடமாற்றம் வாங்கி யாழ்ப்பாணமும் போய்விட்டார். போன் போட்டுக் கேட்டால், “சொல்லாமல் விடுவனே? நேரந்தான் போதேல்லை” என்கிறார்.

சேரின் மேடைப் பேச்சு வந்திருக்கிறதா என்று பூரணி இப்போதும் பேப்பரைப் புரட்டுகிறாள். அந்த ஒரு வசனம் இன்னும் வரவில்லை.