மருதாணிக்கு அடியில்

சின்னத்தாயியின் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் எத்தனை உண்ணிகள் செத்திருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு நாய்க் காப்பகத்தில் ஒன்பது வருஷமாக வேலை. வெளியூர் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய்களைக் குளிப்பாட்டுவாள். காதுமடலை மடித்து, விரலிடுக்கை விரித்துப் பார்த்து, உண்ணியைத் திருகி எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவாள். கையுறையும் இடுக்கியும் கொடுத்திருந்தார்கள். கையுறை போட்டால் விரலுக்குக் கண் தெரியாது என்று அவற்றை அலமாரியிலேயே வைத்துவிட்டாள். "அக்கா கை பட்டா போதும், கோகோவுக்கு டாக்டரே வேணாம்" என்பாள் காப்பகம் நடத்தும் சௌம்யா, தன் நாயைக் காட்டி.

தருமபுரிப் பக்கமிருந்து பத்தொன்பது வயதில் சித்தாளாக வந்தவள். பிறகு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். "நாய்தான் ஏன் லேட்டுன்னு கேக்காது" என்று சொல்லி இந்த வேலைக்கு மாறினாள்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதுபோல் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. ஜீவனஹள்ளி கிளினிக்கில் டெங்கு இல்லை என்றார்கள். பிறகு என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் இல்லாத ஒன்று உடம்புக்குள் நடமாடுவது அவளைப் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டு அம்புஜம் மருதாணி அரைத்துக்கொண்டு வந்தாள். "சூடு உள்ள ஏறிடுச்சுடி. கையில கால்ல அப்புனா இழுத்துரும்."

ஜில்லென்று இருந்தது. சாயங்காலம் கழுவியபோது உள்ளங்கையும் உள்ளங்காலும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"பாத்தியா, எவ்ளோ சூடு இருந்தா இவ்ளோ செவக்கும்" என்றாள் அம்புஜம்.

"கல்யாணப் பொண்ணாட்டம் இருக்க தாயி" என்றான் புருஷன் சுந்தரமூர்த்தி. அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள். மத்தியானத்துக்குள் முழங்கை வரை ஏறியிருந்தன. கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறிவிடுமோ என்று பயந்து கண்ணை மூடாமலே கிடந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டன. இளவயது டாக்டர் ஒருவர் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கேயும் புள்ளி உண்டா என்று உள்ளங்கையைத் திருப்பினார். எல்லாமே மருதாணிச் சிவப்பு. கையைக் கீழே வைத்துவிட்டார்.

"மனேல்லி நாயி இதியா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"வீட்ல நாயெல்லாம் இல்ல சார்" என்றான் சுந்தரமூர்த்தி. "பத்துக்குப் பத்து ரூமு. நாங்களே மடங்கித்தான் படுக்கறோம்."

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சின்னத்தாயிக்குக் கேட்டது. சொல்லவேண்டியது தொண்டை வரை வந்தது. நாக்கு காய்ந்த தோலாக ஒட்டிக்கொண்டு புரளவில்லை. டாக்டரின் முதுகு விலகிப் போவதைப் பார்த்தாள். இப்படித்தான் சாகப் போகிறோம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், என்று நினைத்தாள். இரண்டு கட்டைவிரல் நகங்களையும் ஒட்டவைத்து அழுத்திக் காட்டினாள்.

நர்ஸ் சிந்தியா சிரித்துவிட்டாள். "அம்மா பேன் குத்தறாங்க பாருங்க."

"பேனெல்லாம் இல்ல சிஸ்டர்." சுந்தரமூர்த்தி வெட்கத்தோடு அவள் கையைக் கீழே இறக்கினான். மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினான்.

அவன் குனிந்தபோது அவன் காதைப் பிடித்தாள். மடலை மடித்தாள். உள்ளே விரலால் துழாவி எதையோ திருகி இழுத்தாள். பிறகு நகத்தோடு நகம்.

அவன் சட்டென்று நிமிர்ந்து டாக்டர் பக்கம் திரும்பினான்.

"சார்! உண்ணி சார்! நாய் உண்ணி! இவளுக்கு நாய்ங்களோடதான் வேலை!"

டாக்டர் ஓடிவந்தார். "மொதல்லே ஹேள பாரதா?" முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கடிந்துகொண்டார்.

"நீங்க வீட்லன்னுதான சார் கேட்டீங்க."

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் உள்ளங்கையைத் தேய்த்தார். மருதாணி அசையவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலின் குழிவில் அம்புஜத்தின் கை படாமல் விட்ட கொஞ்சம் இடம் வெளுப்பாக இருந்தது. அங்கே பொடிப் பொடியாகப் புள்ளிகள். "உண்ணிக் காய்ச்சல்தான், உள்ளங்கால் வரைக்கும் புள்ளி வந்திருக்கு. ரிப்போர்ட் அப்புறம் வரட்டும். மாத்திரைய இப்பவே குடுங்க" என்றார் சிந்தியாவிடம். உண்ணியை நசுக்கினால் அதன் சாறு நகக்கண்ணில் இருக்கும் வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும் என்று சுந்தரமூர்த்திக்கு விளக்கினார். அவன் தன் காதைத் தடவிக்கொண்டே கேட்டான்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அம்புஜம் பார்க்க வந்து, "எல்லாம் என் மருதாணி இழுத்ததுதான்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனாள். கோகோ ஓடிவந்து மடியில் தலை வைத்தது. கையுறை போட்ட விரல்களால் காதை மடித்தாள். ஆமணக்குக் கொட்டைமுத்து போல உப்பிய உண்ணி ஒன்று. கட்டைவிரல்கள் தாமாக ஒன்றையொன்று தேடிப் போயின. பிரித்துக்கொண்டாள். இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்கினாள்.

உள்ளே கால்கள் இன்னும் அசைந்தன. "சௌம்யா, இங்க கொஞ்சம் வாம்மா, இது இன்னும் சாகல" என்று கூப்பிட்டாள். சௌம்யா வரும்வரை பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.