டிசம்பர் தேதி போட்ட காசோலை

பர்ஜஸ் குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி ஆசிரியர். சம்பளம் முந்நூறு தினார். சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு வீடு. எண்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில், அந்த மனிதர் எழுதிக் கொடுத்திருந்த காசோலை பத்து லட்சம் தினாருக்கு! ஊரே அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது. டிசம்பர் தேதி போட்டுப் பங்கு வாங்க வேண்டியது, தேதி வருமுன் விற்று லாபம் பார்க்க வேண்டியது. அதற்குள் அந்தக் காசோலையோடு யாரும் வங்கிப்படி ஏறுவதில்லை. சட்டம் தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுத்தது.

அவர் மனைவி வத்ஹாவுக்கு இந்த வெட்கமெல்லாம் தெரியாது. ஏசி கெட்டு வீடு அடுப்பாய்க் கொதித்தபோது, தன் அண்ணன் சுவைலிஹ் பர்ஜஸுக்குக் கொடுத்திருந்த பத்து லட்சத்துக் காசோலையை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். பணமில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!" பர்ஜஸ் தலையில் கைவைத்தார்.

"ஏசி வாங்கத்தாங்க போனேன். எங்கண்ணன் கணக்குல எரநூறு தினாரு கூடவா இருக்காது?"

சுவைலிஹுக்கு மானம் போயிற்று. தன் கையிலிருந்த ஒட்டக வியாபாரி தாமியின் காசோலையை வங்கியில் போட்டான். திரும்பியது. ரோஷம் வந்த தாமி, ஒரு பல் வைத்தியரின் காசோலையைப் போட்டார். அதுவும் திரும்பியது. நான்காம் நாள் அந்தப் பல் வைத்தியர், பர்ஜஸ் எழுதிய காசோலையோடு பர்ஜஸின் வாசலில் நின்றார்.

"பணம் இல்லேன்னா வீட்ட எழுதிக் குடுங்க."

பர்ஜஸ் மற்ற இருவரையும் வரவழைத்தார். "நாலு செக்கு, நாலும் பத்து லட்சம். நமக்குள்ளேயே சுத்தி வருது. நாலையும் கிழிச்சுட்டா யாரும் யாருக்கும் பாக்கியில்ல, என்ன சொல்றீங்க?"

எல்லாருக்கும் சம்மதம். முதலில் கிழிக்கத்தான் ஆளில்லை. "நீங்க பெரியவரு, நீங்க கிழிங்க." "ஐயோ, விருந்தாளிக்குத்தாங்க முதல் மரியாதை." மூன்று சுற்றுத் தேநீர் தீர்ந்தது. கடைசியில் பர்ஜஸ், மைதானத்தில் பிள்ளைகளுக்கு எண்ணுவதுபோல உரக்க எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

ஒரே ஒரு காசோலைதான் கிழிந்தது. மச்சான் சுவைலிஹ் கொடுத்து, பர்ஜஸ் கையில் இருந்த காசோலை அது.

சுவைலிஹ் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மச்சான், நீங்க அஞ்சு வரைக்கும் எண்ணுவீங்கன்னு நெனச்சேன்."

பர்ஜஸ் குனிந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார். பாவம், மூன்று பேரையும் நம்பிவிட்டார். பல் வைத்தியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"மாடியில எத்தன ரூமு?"